டிரான்சிஸ்டரிலிருந்து ‘உஸ்’ வரவேண்டும், ‘ங்’தான் வருகிறது: கடலூரிலிருந்து ஒரு கேள்வி

கெடிலம் டீச்சர் (திருப்பாதிரிப்புலியூர்):

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். போன மாதம் பன்னிரண்டாம் வகுப்பில் சரிவு முறிவு (டையோடு, டிரான்சிஸ்டரின் உள்சந்திக்குத் தலைகீழ் வோல்டேஜ் கூடும்போது எலக்ட்ரான்கள் இடித்துக்கொண்டு கும்பலாகப் பாய்வது) நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், “உள்ளே இத்தனை எலக்ட்ரான் இடித்துக்கொண்டு சரிகிறதே, சத்தம் கேட்காதா டீச்சர்?” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் உறைத்தது, அவன் கேட்டது சரியான கேள்வி என்று. ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருந்தால் கேட்கத்தான் செய்யும்.

சரி, இதையே அறிவியல் கண்காட்சிக்கு வைப்போம் என்று நானும் நாலு பிள்ளைகளும் இறங்கினோம். செய்தது இதுதான்: என்பிஎன் டிரான்சிஸ்டரின் எமிட்டரை 100 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் வழியாக பிளஸ்ஸில் கொடுத்தோம். பேஸ் மைனஸில். கலெக்டர் எதிலும் சேராமல் அந்தரத்தில். எமிட்டரிலிருந்து 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் வழியாக எல்எம் 386 ஆம்ப்ளிஃபயர் சிப், அதிலிருந்து 8 ஓம் ஸ்பீக்கர். எல்லாம் பிரெட்போர்டில்.

9 வோல்ட் பேட்டரியில் பத்து டிரான்சிஸ்டர் மாற்றிப் பார்த்தோம். மூன்றில் மட்டும் லேசாக ‘உஸ்’ என்று வந்தது. மறுநாள் அந்த மூன்றும் ஊமை. பேட்டரி போதவில்லை போலும் என்று லேபில் இருக்கும் பேட்டரி எலிமினேட்டரை (பேட்டரிக்குப் பதில் கரண்டில் ஓடும் டப்பா) 12இல் வைத்தோம். ‘ங்ங்ங்’ என்று மாவு மிஷின் மாதிரி ஒரே உறுமல். நடுநடுவே எண்ணெயில் கடுகு போட்டது போல் படபட. பிள்ளைகள் “இதுதான் டீச்சர் இரைச்சல், வந்துடுச்சு” என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

டிரான்சிஸ்டரெல்லாம் ஒரே டப்பாவில் இருந்தவை, சிலது பிசி 547, சிலது 2என்3904. இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. கைக்காசுதான், அதனால் விலை குறைவாகச் சொல்லுங்கள்.

சங்கராபரணி (வில்லியனூர்):

மேடம், இவ்வளவு சிரமம் எதற்கு? அர்டுயினோ (புரோகிராம் போடும் சின்ன போர்டு) ஒன்று வாங்கி ரேண்டம் எண்ணை ஒரு பின்னில் தள்ளினால் ஸ்பீக்கரில் அருமையாக ‘உஸ்’ வரும். பத்து வரி புரோகிராம். ரேடியோவில் கேட்பது போலவே இருக்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இல்லாவிட்டால் ரிலேயைத் தன் காண்டாக்ட் வழியாகவே இணைத்து பஸ்ஸர் மாதிரி ஓட விடுங்கள். பொறி பறக்கும், பக்கத்தில் இருக்கும் ரேடியோவெல்லாம் இரையும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஓ.டி. ரேடியோக்காரர் (கடலூர் ஓல்டு டவுன்):

டீச்சர், நான் ஓ.டி.யில் முப்பத்தைந்து வருஷம் ரேடியோ, டேப் ரெக்கார்டர், அப்புறம் படகுக்காரர்களின் வயர்லெஸ் செட் என்று பார்த்தவன். கடையை மூடியாயிற்று, கை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இரைச்சலை ஒழிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதை உண்டாக்க வழி கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்.

தம்பி சொன்ன ரிலே வேலை வேண்டவே வேண்டாம். அது இரைச்சல் இல்லை, தொல்லை. துறைமுகத்துப் பக்கம் யாராவது அப்படிப் பொறி பறக்க விட்டால் படகுக்காரன் செட்டில் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். அர்டுயினோவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

உங்களுடையது ஒரு கோளாறு இல்லை, நாலு கோளாறு ஒன்றாகச் சேர்ந்து கிடக்கிறது.

முதல் விஷயம் வோல்டேஜ். பிசி 547க்குக் கம்பெனி கொடுக்கும் விவரத் தாளில் எமிட்டர்-பேஸ் தாங்குவது 6 வோல்ட் என்று போட்டிருப்பான். அது அவன் கொடுக்கும் உத்தரவாதம், உண்மையில் முறிவது அதற்கு மேலே. நான் பார்த்தவரை 7லிருந்து 9க்குள் எங்காவது முறியும், ஒவ்வொரு பீஸும் ஒவ்வொரு மாதிரி. புது 9 வோல்ட் பேட்டரியில் அந்த மூன்றும் விளிம்பில் நின்று முறிந்திருக்கின்றன. 386உம் ஸ்பீக்கரும் அதே பேட்டரியைக் குடித்ததும் வோல்டேஜ் 8க்குக் கீழே போயிருக்கும், முறிவு நின்றுவிட்டது. அவ்வளவுதான், டிரான்சிஸ்டர் சாகவில்லை.

இரண்டாவது, கால். தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்தால் பிசி 547க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904க்கு அப்படியே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒரே மாதிரி செருகியிருந்தால் 3904இல் நீங்கள் முறிக்கப் பார்த்தது கலெக்டர்-பேஸ் சந்தியை. அது 60 வோல்ட் வரை அசையாது. இரண்டு மாதங்கள் உட்கார்ந்தாலும் சத்தம் வராது.

மூன்றாவது அந்த எலிமினேட்டர். பெயர்தான் எலிமினேட்டர், அது பேட்டரியை ஒழிக்கிறதே தவிர ஹம்மை (கரண்ட் உறுமலை) ஒழிப்பதில்லை. நாலு டையோடும் ஒரு வயதான கண்டென்சரும்தான் உள்ளே இருக்கும். கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டையோடு இரண்டு பாதியையும் நிமிர்த்துவதால் வெளியே வருவது 100 ஹெர்ட்ஸ் உறுமல். நீங்கள் கேட்ட மாவு மிஷின் அதுதான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நம் ஊரைப் புரட்டிப் போட்டதே, எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. ராத்திரி பேட்டரி ரேடியோவைத் திருப்பினால் ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் அப்படி ஒரு சுத்தமான ‘உஸ்’. முப்பது வருஷம் அதே ரேடியோவோடு இருந்தும் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. ஊர் முழுக்க வயரில் கரண்ட் ஓடாதபோதுதான் அது தனியாகக் கேட்டது. ஆகையால் இந்தச் சோதனைக்கு பேட்டரி தவிர வேறெதுவும் கூடாது.

நாலாவது, கடுகு. நம் ஊர் உப்புக் காற்றில் பிரெட்போர்டின் கிளிப் பச்சை பூத்துவிடும். கம்பியை லேசாக ஆட்டினால் படபட கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் அது காண்டாக்ட் கோளாறு. கம்பி முனையைத் தேய்த்துப் புது ஓட்டையில் செருகுங்கள். முடிந்தால் இந்த ஏழெட்டுப் பாகத்தை மட்டும் போர்டில் சால்டர் செய்துவிடுவது நல்லது.

இப்போது செய்யவேண்டியது. இரண்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடராகப் போடுங்கள். இரண்டும் சேரும் இடத்திலிருந்து 9 வோல்ட்டை எடுத்து 386க்கு, உச்சியிலிருந்து 18 வோல்ட்டை எடுத்து 330 கே வழியாக எமிட்டருக்கு. சாதாரண 386க்கு 12 வோல்ட்தான் எல்லை, 18ஐ அதில் கொடுத்துவிடாதீர்கள். 18இல் சந்திக்கு 8 போக மீதி 10 வோல்ட், அதை 330 கேயால் வகுத்தால் 30 மைக்ரோ ஆம்பியர். போதும். கண்டென்சருக்கு அப்புறம் 10 கே வால்யூம் கண்ட்ரோல், அதன் நடுக்கால் 386இன் மூன்றாம் காலுக்கு. ஒன்றாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் இடையில் எதுவும் போடாவிட்டால் 20 மடங்கு பெருக்கும், 10 மைக்ரோ ஃபாரட் போட்டால் 200 மடங்கு. இதற்கு 20 போதும். ஐந்தாம் காலிலிருந்து மைனஸுக்கு 0.047 மைக்ரோ ஃபாரட், 10 ஓம் இரண்டையும் தொடராகப் போடுங்கள். அதைப் போடாவிட்டால் 386 தானே விசிலடிக்கும், அதையும் பிள்ளைகள் இரைச்சல் என்று எழுதிவிடுவார்கள்.

சத்தம் வந்ததும் கை தட்டாதீர்கள். அது சந்தியிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். டிஜிட்டல் மீட்டரை எமிட்டருக்கும் பேஸுக்கும் இடையில் வைத்தால் 7, 8, 9 என்று ஏதாவது காட்டவேண்டும். 17 சொச்சம் காட்டினால் முறியவே இல்லை, கால் மாறியிருக்கிறது. அடுத்து, டிரான்சிஸ்டரைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் 270 கே ரெசிஸ்டர் ஒன்றைச் செருகுங்கள். அங்கே வோல்டேஜ் கிட்டத்தட்ட அதே 8 இருக்கும், ஆனால் முறிவு கிடையாது. சத்தம் அடங்கினால் நீங்கள் கேட்டது நிஜம். அடங்காவிட்டால் இத்தனை நேரம் ஆம்ப்ளிஃபயரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எத்தனையோ பேர் இந்த ஒரு ரெசிஸ்டரைப் போட்டுப் பார்க்காமல் சர்டிஃபிகேட் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்று, மறந்துவிடாதீர்கள். இப்படித் திருப்பி முறித்த டிரான்சிஸ்டரின் கெயின் (பெருக்கும் திறன்) நாளடைவில் குறையும். அதன் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துத் தனியாக வையுங்கள். அது பிராக்டிகல் பரீட்சை டப்பாவுக்குப் போனால் ஏதாவது ஒரு பிள்ளைக்கு வரைபடம் கோணலாக வரும்.

கெடிலம் டீச்சர்:

ஐயா, வந்துவிட்டது!

பத்தில் ஆறு 3904. எல்லாமே தலைகீழாகச் செருகியவைதான். திருப்பிப் போட்டதும் பத்தில் ஒன்பது ‘உஸ்’ஸென்றது. ஆடி மாசத்து மழை தகர ஷெட்டில் பெய்கிற மாதிரி. 270 கே போட்டதும் சட்டென்று அமைதி. பிள்ளைகள் அதையே விளையாட்டாக மாறி மாறிச் செய்துகொண்டிருந்தார்கள், பிடுங்கு, செருகு, பிடுங்கு.

ஒரு வேடிக்கை. எங்கள் லேபில் இருப்பது முள் மீட்டர். அதை 10 வோல்ட் ரேஞ்சில் எமிட்டரில் வைத்ததும் சத்தம் நின்றுபோனது, எடுத்ததும் வந்தது. முள்ளும் 7க்குக் கீழேயே நின்றது. மீட்டர் கெட்டுவிட்டதா?

நடுவில் யாருக்கோ போன் வந்தபோது ஸ்பீக்கரில் ‘டட்டட்-டட்டட்’ என்று அடித்தது. அது போனால்தான் என்று எனக்கே தெரிந்தது.

அப்புறம், கேட்க மட்டும் செய்தால் போதுமா? கண்காட்சிக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது அளந்து காட்டவேண்டாமா?

ஓ.டி. ரேடியோக்காரர்:

மீட்டர் கெடவில்லை டீச்சர். வோல்ட்டுக்கு 20 கே ஓம் என்று டயல் மூலையில் போட்டிருக்கும். 10 வோல்ட் ரேஞ்சில் அதற்கே 200 கே. உங்கள் 330 கேயோடு அது பங்கு போட்டால் 18இல் அதன் மேல் நிற்பது 6.8 வோல்ட்தான். சந்தி முறிய அது பத்தாது. அளக்கப் போன கருவியே அளக்கவேண்டியதை நிறுத்திவிட்டது. 50 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் 1 மெக் (மெகா ஓம்) ஆகும், சத்தம் நிற்காது. கண்காட்சியில் முதலில் இதையே காட்டுங்கள், என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இது உசத்தி.

அளப்பதற்குப் படித்த பிள்ளைகள் யாராவது சொல்லட்டும். என்னிடம் இருப்பது காது மட்டும்தான்.

காலாப்பட்டு எம்.எஸ்சி.:

அக்கா, நான் சொல்கிறேன். லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். வால்யூம் கண்ட்ரோலிலிருந்து வருவதை 10 கே, 1 கே வைத்துப் பதினோரில் ஒரு பங்காகக் குறைத்து, 1 மைக்ரோ ஃபாரட் வழியாக மைக் ஜாக்கில் கொடுங்கள். பத்து வினாடி பதிவு செய்து அலைமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்ற வரைபடத்தை) வரையச் சொன்னால், எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே உயரமாக ஒரு புல்வெளி தெரியும். அதுதான் வெள்ளை இரைச்சல். பிறகு எலிமினேட்டரை இணைத்து ஒரு பதிவு: 100, 200, 300இல் பனைமரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் ஒட்டினால் விளக்கமே தேவையில்லை. மொபைலில் மட்டும் பதிவு செய்யாதீர்கள். பேச்சைத் தெளிவாக்குகிறேன் என்று அது இந்த ‘உஸ்’ஸைத்தான் முதலில் துடைக்கும். நான் ஒரு நாள் முழுக்க ஏமாந்தேன். சில லேப்டாப்பிலும் இந்தத் தொல்லை உண்டு, செட்டிங்கில் அணைத்துவிடுங்கள்.

லேபில் 741 (பெருக்கும் சிப்) இருக்கிறதே என்று அதில் 100 மடங்கு பெருக்கினால் 10 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு சரியும். அது 741இன் சரிவு, சந்தியின் சரிவு இல்லை.

“சாதாரண ரெசிஸ்டரிலேயே இரைச்சல் உண்டாமே, அதைக் காட்டக்கூடாதா” என்று யாராவது கேட்பார்கள். உண்டு. 1928இல் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் கணக்குச் சொன்னது. 1 மெக் ரெசிஸ்டரை அறை வெப்பத்தில், 10 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்குப் போட்டால் 13 மைக்ரோ வோல்ட் வரும். உங்கள் சந்தி தருவது மில்லி வோல்ட் கணக்கில். அந்த 13 மைக்ரோவைப் பிடிக்க நல்ல ஆம்ப்ளிஃபயர், தகர டப்பாவுக்குள் அடைப்பு எல்லாம் வேண்டும். இரண்டு வாரத்தில் முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம்.

கூட்டம் சேரவேண்டுமென்றால் நாணயம் சுண்டும் விளையாட்டு வையுங்கள். பெருக்கிய இரைச்சலை எல்எம் 393 என்ற ஒப்பிடும் சிப்புக்குக் கொடுத்து, ஒரு ப்ரீசெட்டால் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) எல்லையை நடுவில் வைத்தால், எல்லைக்கு மேலே போனால் ஒன்று, கீழே வந்தால் பூஜ்யம். வெளிக்காலிலிருந்து பிளஸ்ஸுக்கு 10 கே கட்டாயம், இல்லாவிட்டால் அது மேலே ஏறாது. பொத்தானை அழுத்தும் நொடியில் எது இருக்கிறதோ அதுதான் பூவா தலையா. ஆனால் எல்லையைச் சரியாக நடுவில் வைப்பது கஷ்டம், ஒன்று கொஞ்சம் அதிகமாகவே விழும். அதற்குக் கணித மேதை வான் நியூமன் 1951இல் சொன்ன தந்திரம் இருக்கிறது. இரண்டு இரண்டாக எடுங்கள். 01 வந்தால் பூஜ்யம் என்று எழுதுங்கள், 10 வந்தால் ஒன்று. 00, 11 இரண்டையும் குப்பையில் போடுங்கள். ஒருபக்கச் சாய்வு காணாமல் போய்விடும். நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும், பரவாயில்லை.

வில்லியனூர் நண்பருக்கு: அர்டுயினோவில் வருவது சூத்திரம் போட்டு வருவது. உதாரணத்துக்கு, 17 கட்ட ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் (பூஜ்யம், ஒன்றுகளைக் கட்டம் கட்டமாகத் தள்ளுவது) பதினான்கையும் பதினேழையும் எக்ஸ்ஆர் செய்து (இரண்டும் வேறானால் ஒன்று, ஒன்றுபோல் இருந்தால் பூஜ்யம்) முதல் கட்டத்துக்குத் திருப்பினால் 1,31,071 படி போய் மறுபடி முதலிலிருந்து அதே வரிசை. நொடிக்கு ஒரு லட்சம் படி ஓட்டினால் 1.3 நொடிக்கு ஒருமுறை அதே ‘உஸ்’. கூர்ந்து கேட்டால் அந்த மூச்சு தெரியும்.

சங்கராபரணி:

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதையும் பக்கத்தில் வையுங்கள் மேடம். எது நிஜம், எது சூத்திரம் என்று வருகிறவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். போர்டு என்னிடம் இருக்கிறது, கடலூர் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

கெடிலம் டீச்சர்:

கொடுத்துவிடுங்கள் தம்பி, நன்றி.

ஐயா, கடைசியாக ஒன்று. பையன்கள் டிரான்சிஸ்டருக்குப் பதில் செனர் டையோடு (குறித்த வோல்டேஜில் முறியும்படி செய்தது) போட்டுப் பார்த்தார்கள். 12 வோல்ட் செனர் நன்றாக இரைகிறது. 3.3 வோல்ட் செனரில் காதை ஸ்பீக்கரில் ஒட்டினாலும் ஒன்றும் இல்லை. மீட்டரில் பார்த்தால் அதுவும் முறிந்துதான் இருக்கிறது. தப்பு எங்கே?

ஓ.டி. ரேடியோக்காரர்:

தப்பே இல்லை டீச்சர், அதுதான் உங்கள் பாடம். 5 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதில் எலக்ட்ரான் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. செனர் என்ற விஞ்ஞானி 1934இல் சொன்னது அந்த வகை. ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் போய்விடும். 6, 7க்கு மேலே போனால் ஒன்று இன்னொன்றை இடித்து, அது நாலை இடித்து, கும்பலாக விழுகிறது. எப்போது எத்தனை விழும் என்று கணக்கில்லை, அதனால்தான் அவ்வளவு சத்தம். பெயர் இரண்டுக்கும் செனர் என்று வைத்துவிட்டார்கள். அந்தக் கடைசி பெஞ்சுப் பையனிடம் இரண்டையும் கையில் கொடுத்து அவனையே விளக்கச் சொல்லுங்கள்.

330 கேயோடு ஒரு 1 மெக் ப்ரீசெட்டையும் தொடராகப் போட்டுக் கரண்டைக் குறைத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் ‘உஸ்’ போய்த் தனித்தனியாகப் பொரிகிற மாதிரி கேட்கலாம். அது கடுகு இல்லை. சந்தியில் ஓர் இடம் பற்றுவதும் அணைவதுமாக இருக்கிறது. கம்பியை ஆட்டிப் பார்த்தால் அது மாறாது, அதை வைத்து இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம்.

கண்காட்சி அன்று 9 வோல்ட் பேட்டரி இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். மேல் பேட்டரி 30 மைக்ரோ ஆம்பியர்தான் கொடுக்கிறது, அது மாசக்கணக்கில் நிற்கும். கீழே 386க்குப் போகும் பேட்டரிதான் மத்தியானத்துக்குள் இறங்கிவிடும்.